சாமி மூட்டைக்குப் பொறுப்பானவள்

தண்ணீர் ஓரத்துச் சேற்றில் ஒரு பிள்ளையார் குப்புறக் கிடந்தால், அதைப் பார்க்கும் ஆறு வயதுக் குழந்தை என்ன செய்ய வேண்டும்?

"அங்கேயே நிற்க வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நானும் என் மகளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லும்போது என் குரலை நானே நம்பவில்லை. அவளும் நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தியாகராய நகரில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. மாமனாருக்கு ஜவுளிக்கடை. அவருடைய பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் இங்கே வந்து, வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். என் கணவரும் அதே கடையில்தான். ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்றால், எங்கள் வீட்டு ஆண்களுக்கு அன்றுதான் மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் இட்லியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வாசலில் இறங்கினால் மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் எங்கள் தெரு வரை வந்து இடிக்கும். ஆக ஞாயிறு என்றால் நானும் மகளும் டிவியும்தான்.

அவளுடைய பள்ளிக்கூடம் அடையாறில். தினமும் ஆட்டோவில் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். ஒருநாள் அவள் கேட்டாள்: "அம்மா, இது ஆறா, சாக்கடையா?"

"ஆறுதான்."

"அப்போ ஏன் மூக்கப் பிடிக்கிறோம்?"

அந்த வாரமே பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஞாயிறு காலைகளில் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று. யோசிக்காமல் கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். என் வழக்கமே அதுதான்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. மகள் தவழ்ந்த காலத்தில் எங்கள் குளியலறையில் பக்கெட் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர்கள் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "உங்க மருமகளுக்கு என்ன அவசரமோ, வந்ததும் பாத்ரூமைத் தேடுறா" என்று ஒரு உறவுக்காரர் கேலி செய்திருக்கிறார். இப்படிப்பட்டவள் ஆற்றங்கரைக்குப் போவதற்கு என்ன காரணம் சொல்வது? ஆற்றைப் பார்த்து மூக்கைப் பிடிக்க மட்டும் கற்றுக்கொடுத்த அம்மாவாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதுவும் முழுக் காரணமா என்று தெரியவில்லை. வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ என்னவோ.

குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்றார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் விசில், தோளில் மஞ்சள் நைலான் கயிறு. வந்ததும் முதல் வேலையாக, கரை சரியத் தொடங்கும் இடத்துக்கு மேலே இரண்டு மரங்களுக்கு நடுவில் அந்தக் கயிற்றைக் கட்டுவார். அதனால் எல்லோருக்கும் அவர் கயிறு சார்.

"அக்கா, இது கயிறு இல்ல. சுவரு. குழந்தைங்க இந்தப் பக்கம்தான். பெரியவங்க மட்டும் பூட்ஸ், கிளவுஸ் போட்டுட்டு அந்தப் பக்கம். அதுவும் ஜோடி ஜோடியா" என்றார் என்னிடம்.

பக்கத்தில் நின்ற அம்மாள் கயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார். "சொவருன்னா சொவரு மாதிரி இருக்கணும் சார். இது துணி காயப்போடற மாதிரில்ல கீது."

அவர் மயிலாப்பூரில் பூ விற்பவர். சைதாப்பேட்டையில் வீடு. வெள்ளம் வந்த வருஷம் அவர் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றதாம். கரையில் கிடந்த காய்ந்த மாலைகளைப் பொறுக்கும்போதெல்லாம் சிரிப்பார்: "வெள்ளிக்கெழம நானே விக்கிறேன், ஞாயித்துக்கெழம நானே பொறுக்கறேன். இன்னா மாதிரி வியாபாரம் பாத்தியா!" முதல் நாளே அவரும் நானும் ஜோடி ஆனோம்.

கயிறு சார் ஒவ்வொரு வாரமும் ஒரே பேச்சைப் பேசுவார். தண்ணீர் ஆழமில்லை என்று நினைக்காதீர்கள், அடியில் இருப்பது தரையில்லை, சேறு. மழையே பெய்யாவிட்டாலும் கடல் பக்கத்தில் இருப்பதால் நீர்மட்டம் ஏறும், இறங்கும். நேற்று காய்ந்திருந்த இடம் இன்று காய்ந்திருக்காது. கடைசியில் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்வார்: "யாராவது விழுந்தா யாரும் பின்னாடி குதிக்கக் கூடாது. ஒருத்தர் விழுந்தா ஒருத்தரத் தூக்கலாம். ரெண்டு பேர் விழுந்தா ரெண்டு பேரையும் தேடணும்." காலி தண்ணீர் கேன் ஒன்றை மூடி, அதன் கழுத்தில் நீளமான கயிறு கட்டி மரத்தடியில் வைத்திருப்பார். தூக்கி எறிந்தால் மிதக்கும். நான் ஒவ்வொரு வாரமும் போனதும் அந்தக் கேன் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் கையுறை போடுவேன்.

சாமி மூட்டை தொடங்கியது நாங்கள் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே. ஒருவர் சேற்றிலிருந்து சட்டம் போட்ட லட்சுமி படம் ஒன்றை எடுத்தார். அவர் முன்னால் இருந்த சாக்கில் அறுந்த செருப்பு, குழந்தைகளின் டயப்பர், என்னவென்றே தெரியாத துணி. படத்தைச் சாக்குக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். போடவில்லை.

"போடுங்க சார், நேரமாகுது" என்றார் கயிறு சார்.

"நீங்க போடுங்களேன்."

கயிறு சார் வாங்கினார். அவரும் போடவில்லை. பூக்காரம்மாதான் தன் பையிலிருந்து வெள்ளை நிறக் காலி அரிசிச் சாக்கு ஒன்றை உதறி எடுத்து நீட்டினார். "இத்துல போடு. அதுக்குன்னு ஒரு எடம் வாணாமா?"

அன்றிலிருந்து அந்த வெள்ளைச் சாக்குக்கு மட்டும் தனி மரியாதை. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல், குப்பையில் போட மனசு வராமல், ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று மக்கள் கொண்டுவந்து விட்டவை எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. கண்ணாடி உடைந்த படங்கள், மூக்கு போன மாதா சிலை, மஞ்சள் துணியில் முடிந்த தேங்காய், களிமண் பிள்ளையார்கள். வேலை முடிந்ததும் கயிறு சார் காரில் ஏற்றிக்கொண்டு போவார். சட்டத்தையும் கண்ணாடியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, மண் சிலைகளைத் தொட்டியில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவதாகச் சொன்னார்.

அந்த மூட்டை கயிற்றுக்கு மேல்புறம், தார்ப்பாய் மீது இருந்தது. மகளும் அங்கேதான் இருந்தாள். "பாப்பா, நீதான் சாமிக்கு வாட்ச்மேன்" என்றார் பூக்காரம்மா.

"வாட்ச்மேன் இல்ல, மேனேஜர்" என்றாள் என் மகள். கடைக்காரர் வீட்டுப் பேத்தி.

நாங்கள் கயிற்றுக்குக் கீழிருந்து எதையாவது நீட்டினால், அவள் முதலில் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைப்பாள். வெறுங்காலுடன் தார்ப்பாயில் ஏறி, இரண்டு கையாலும் வாங்குவாள். பழைய துண்டால் முகத்தைத் துடைப்பாள். பிறகு இறங்கிப் பூட்ஸ் போட்டுக்கொள்வாள். அடுத்த சாமி வரும், மறுபடியும் கழற்றுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அங்கே எல்லோரும் வியந்தார்கள். ஆனால் சொல்லிக்கொடுத்திருந்தோம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடு, சாமி படத்தை மிதிக்காதே, செருப்போடு சாமியைத் தொடாதே என்று அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்பதையும் அதே நாளிலிருந்துதான் சொல்லி வருகிறேன். இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்?

பிள்ளையார் சதுர்த்திக்கு அடுத்து வந்த ஞாயிறு அது. கரை முழுக்கப் பிள்ளையார்கள். குடை போனது, காது போனது, பாதி கரைந்து வயிறு மட்டும் மிச்சமானது. தண்ணீர் ஏறி இறங்கியிருந்ததால் சேறு பளபளவென்று இருந்தது. நானும் பூக்காரம்மாவும் சற்றுத் தள்ளி ஒரு புடவையை வேர்களிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தோம். வேறொருவர் நனைந்த மெத்தை ஒன்றைக் கரையோரமாகவே பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர் காலுக்குப் பின்னால், தண்ணீர் ஓரத்தில், கைப்பிடி அளவு பிள்ளையார் ஒன்று குப்புறக் கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை. மகள் பார்த்திருக்கிறாள்.

"மாமா, சாமி! மாமா, கால்!"

அவர் மெத்தையோடு போராடிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. நான் திரும்பியபோது தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ்கள் ஒழுங்காக நின்றன. அவள் கயிற்றைத் தாண்டி, வெறுங்காலுடன் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பி, 'ஒரு நிமிஷம்' என்பதுபோல் ஒரு விரலைக் காட்டிவிட்டுக் குனிந்தாள். பிள்ளையாரை எடுத்தாள். அவள் நின்ற மண் அப்படியே வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது.

ஆழமில்லை. இடுப்பு வரைதான். ஆனால் அசைந்தால் இன்னும் கீழே போனாள்.

நான் ஓடினேன். ஓடினேன் என்றுதான் நினைத்தேன். பூக்காரம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "எங்க போற! நீயும் போனா நான் ரெண்டு பேரையும் இஸ்க்கணுமா? குந்து!" விசில் சத்தம் கேட்டது. கயிறு சார் கேனை எறிந்தார். அது சரியாக அவள் முன்னால் போய் விழுந்தது.

"பாப்பா, கேனக் கட்டிப் புடிச்சுக்கோ! ரெண்டு கையாலயும்!"

அவள் பிடிக்கவில்லை. இரண்டு கையிலும் பிள்ளையார்.

"அதை விடும்மா! கேனப் பிடி!"

"சாமி விழுந்துடும்!"

நான் கத்தினேன்: "சாமியைத் தூக்கிப் போடு!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் வந்ததில்லை. அதைச் சொன்ன அதே மூச்சில் "பிள்ளையாரப்பா, காப்பாத்து" என்றும் சொன்னேன். யாரைத் தூக்கிப் போடச் சொன்னேனோ அவரையேதான் கூப்பிட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் இருந்தது. போடவில்லை.

"சாமிய உன் வயித்துக்கும் கேனுக்கும் நடுவுல வெச்சுக்கோ பாப்பா. வெச்சிட்டுப் புடி. சாமி எங்கயும் போவாது!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார் பூக்காரம்மா.

அதற்கு அவள் சம்மதித்தாள். இழுத்தார்கள். வந்துவிட்டாள். பாதத்தில் கண்ணாடி கிழித்திருந்தது. மூன்று பேருமே, நான், அவள், பிள்ளையார், ஒரே நிறத்தில் இருந்தோம்.

தையல், ஊசி. காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். கணவர் கடையிலிருந்து ஓடி வந்தார். கட்டுப்போட்ட காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "இனிமே வேணாம்" என்றார். சத்தமில்லாமல் சொன்னதால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாமனார் கேட்டது வேறு. "எங்க தாயி அந்தப் பிள்ளையாரு?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தும்பிக்கை நுனி மட்டும் போயிருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "நம்மளத் தேடில்லா வந்திருக்காரு!" மறுநாள் அந்தப் பிள்ளையார் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்தார். காலில் கட்டு இருந்ததால் பள்ளிக்கூடம் போகாத மகள், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகிற ஒவ்வொருவரிடமும் மாமனார் கதையைச் சொன்னார். "என் பேத்தி ஆத்துல எறங்கி எடுத்தா. தண்ணியே வழி விட்டுச்சுல்லா!" புடவை எடுக்க வந்தவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். சாக்லேட் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் அவளிடமே திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்.

முதல் நாள் கதையில் தண்ணீர் நெஞ்சளவு இருந்தது. "இல்ல தாத்தா, இடுப்பு வரைக்கும்தான்" என்று மகள் திருத்தினாள். அடுத்த நாள் கழுத்தளவு ஆனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாரக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவளே கதை சொல்வதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். தண்ணீர் தலைக்கு மேலே போயிருந்தது. "எனக்கு ஒண்ணுமே ஆகல. சாமி கையில இருந்துச்சுல்ல."

நான் போய்த் திருத்தவில்லை. குழந்தை பெருமையாக இருக்கிறாள், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒரு மனம். கெடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு மனம்.

கால் ஆறிய பிறகு ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலுக்கு வெகு தூரம் முன்னாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அலை ஒன்று எதையோ கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்ப இழுத்தது. படச்சட்டம் போல இருந்தது. வெறும் பலகையாகவும் இருக்கலாம்.

"அம்மா, சாமி!"

அந்தச் சின்னக் கைக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னை இழுத்துக்கொண்டே இரண்டு எட்டு போய்விட்டாள். நான் மணலில் மண்டியிட்டு அவளை இடுப்போடு கட்டிக்கொண்டேன். அவள் அழுதாள். பயத்தால் அல்ல, கோபத்தால்.

"விடும்மா! சாமிய எடுக்கப் போனா தண்ணி ஒண்ணும் பண்ணாது. தாத்தா சொன்னாங்க!"

அன்று மாமனாரிடம் பேசினேன். எனக்கு அவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "மாமா, அந்தக் கதையைக் கொஞ்சம்... கேன் போட்டுத்தான் இழுத்தாங்க, அதையும் சேர்த்துச் சொல்லலாமே" என்றேன்.

"அந்தக் கேன அந்த எடத்துல கொண்டு வெச்சது யாரு?" என்றார் அவர்.

"கயிறு சார் மாமா."

"அவருக்குப் புத்தி குடுத்தது யாரு?" என்று மேலே கைகாட்டினார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "பிள்ள மனசுல பயத்த வெச்சிராதம்மா. பயந்த பிள்ளைக்குத்தான் எல்லாம் வரும்" என்றார். அவர் சொல்வதில் ஏதோ உண்மை இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியதும் நிஜம். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து வளர்த்தவள் நான். என் பயம் அவளிடம் ஒட்டவில்லையே என்று ஒரு பக்கம் சந்தோஷம்கூட. கடைக்குப் போனால் அந்தப் பிள்ளையார் முன்னால் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். உடனே, அவர் இல்லாவிட்டால் அவள் தண்ணீருக்கே போயிருக்க மாட்டாளே என்றும் நினைக்கிறேன்.

கயிறு சார் இப்போது சாமி மூட்டையே வேண்டாம் என்கிறார். எல்லாம் ஒரே சாக்கு. குழுவில் பாதிப் பேர், அப்படியானால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்து, "சரி, குழந்தைங்க வேண்டாம்" என்றார். உடனே மீதிப் பாதி, குழந்தைகளை எங்கே விட்டுவிட்டு வருவது என்று கேட்டார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் குழந்தைக்குத்தான் நடந்தது, நீங்களே சொல்லுங்கள் என்று. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பூக்காரம்மா போனில் கூப்பிட்டார். "பாப்பாவ இட்டுனு வா. ஒரு தபா தண்ணி அவளப் புடிச்சுக்கினு போவப் பாத்துச்சு. அத்த அவ மறக்கறதுக்குள்ள அந்த எடத்துக்கு வந்து நிக்கணும். ஊட்ல குந்தினு கத கேட்டா ஆறு பாலு ஓடற ஆறாத்தான் தெரியும்." கணவரிடம் சொன்னேன். "அவங்க புள்ளையா?" என்றார்.

வரும் ஞாயிறு மறுபடி கரைக்குப் போகிறார்கள். நவராத்திரி முடிந்த நேரம், நிறைய வந்து ஒதுங்கியிருக்கும் என்கிறார் கயிறு சார். மகள் பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டாள். போகாமல் இருந்துவிடலாம். ஆனால் இந்த ஊரில் கடல் இருக்கிறது, மயிலாப்பூர்க் குளம் இருக்கிறது, மழைக்கால ரோடு இருக்கிறது. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சாமி மிதந்துகொண்டுதான் இருக்கும். நான் எப்போதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கப் போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் குழந்தை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சாமி கும்பிடுகிறவர்களும் இருப்பீர்கள், கும்பிடாதவர்களும் இருப்பீர்கள். அவளை அழைத்துப் போகட்டுமா, வேண்டாமா? போனால் அந்த மூட்டையை மறுபடி அவள் பொறுப்பில் விடலாமா? சாமி விழுந்தாலும் பரவாயில்லை, நீ தண்ணீரில் கால் வைக்காதே என்று ஒரு ஆறு வயதுக் குழந்தையிடம், அவள் தாத்தா உட்கார்ந்திருக்கும் வீட்டில், எந்த வார்த்தைகளில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதினால் நல்லது.